பாரீசுக்குப் போற மாப்ளே, பசியோட போ!

வா மாப்ளே, உக்காரு. விசா வந்துருச்சாமே? உன் பொஞ்சாதி நாலு பேர்கிட்ட ரகசியம்னு சொல்லி, அந்த நாலு பேர் நாப்பது பேர்கிட்ட ரகசியம்னு சொல்லி, கடைசியா இந்தக் கிழவன் காதுக்கும் வந்து சேர்ந்துச்சு. பரவாயில்ல, சொந்தத் தாய்மாமனுக்குக் கடைசியில சொல்றதுதானே இப்ப நாகரிகம்.

டூர்க்காரன் குடுத்த நோட்டீசை இப்படிக் காட்டு. என்னது, "மூணு வேளையும் இந்தியச் சாப்பாடு"? ஆகா! லட்சக்கணக்குல பணத்தைக் கட்டிப்புட்டு, வானத்துல அத்தன நேரம் கால மடக்கி உக்காந்து போயி, ஈஃபில் கோபுரத்துக்குக் கீழ பருப்பும் சப்பாத்தியும் திங்கப் போறியா? இதுக்குக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல அந்தக் கோபுரத்துப் படம் ஒண்ண ஒட்டச் சொல்லியிருந்தா, மதியத்துக்குள்ள போயிட்டுச் சாயந்திரமே திரும்பியிருக்கலாமேடா. கூட உன் பொஞ்சாதி ஊறுகா பாட்டில், பருப்புப் பொடி, புளியோதரப் பொட்டலம்னு ஒரு பெட்டியையே கட்டி வெச்சிருக்காளாம். ஊரவிட்டுப் போனாலும் ஊர் உன்ன விடக்கூடாதுன்னு கங்கணம் கட்டியிருக்கா. கெட்டிக்காரி.

நான் துலோன் பக்கம் சொல்தாவா இருந்தவன். பட்டாளத்துச் சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டே பிரெஞ்சுப் பாஷையப் படிச்சவன். அதனால கண்ணீரோட கத்துக்கிட்ட பாஷைன்னு வெச்சுக்க. அந்த உரிமையில ஒண்ணு சொல்றேன், காதுல போட்டுக்க. பிரெஞ்சுச் சாப்பாடுன்னு ஒலகமே வாயப் பொளக்குதே, அதுல முக்காவாசி குடியானவன் வயித்துப்பாட்டுக்குக் கண்டுபிடிச்சது. காஞ்சுபோன ரொட்டி, கிழட்டுச் சேவல், விக்காத மீனு, கசாப்புக்காரன் ஒதுக்கிப் போட்ட கொடலும் தலையும். எதையும் வீசி எறிய மனசு வராத கஞ்சப்பயலுவ செஞ்ச வேலை. பிற்பாடு அது மேல ஒரு வெள்ளத்துணிய விரிச்சு, பேரை மூக்கால சொல்ல ஆரம்பிச்சதும் கனவான் சாப்பாடாயிருச்சு. நீதான் உங்க ஆத்தா வெச்ச கொடல்கறியப் பாத்து மூக்கப் பொத்துன பய. அங்க போயி அதையே கத்தி முள்ளு வெச்சு, காசு குடுத்துச் சாப்பிட்டு, போட்டோவும் போடுவே பாரு!

ரொட்டியில ஆரம்பிப்போம். காலையில ஹோட்டல் அறைய விட்டு எறங்குன உடனே பகேத் வாங்கு. எந்தக் கடையில? வாசல்ல 'புலாஞ்செரி'ன்னு எழுதியிருக்கணும். 1998-லேருந்து அதுக்கே ஒரு சட்டம் இருக்கு: மாவு பெசையிறதும் சுடுறதும் அந்த எடத்துலயே நடந்தாத்தான் அந்தப் பேரை வெச்சுக்கலாம். எங்கேயோ பண்ணி ஐஸ்ல ஒறைய வெச்சதக் கொண்டாந்து சூடு காட்டி விக்கிறவன் அந்தப் பேரை எழுதக்கூடாது. உள்ள போயி வெறும் 'பகேத்'னு கேக்காத, 'த்ரதிசியோன்'னு கேளு. 1993-ல போட்ட அரசாணைப்படி அதுல மாவு, தண்ணி, உப்பு, புளிக்க வெக்கிற ஈஸ்ட்டு, இல்லன்னா பழைய புளிச்ச மாவு. வெள்ளையாக்குறது, உப்ப வெக்கிறதுன்னு மருந்து மாயம் எதுவும் சேக்கக்கூடாது. நாலஞ்சு காசு கூடத்தான் கேப்பான், குடுத்துட்டுப் போ. வாங்குன உடனே முனைய ஒடிச்சு வாயில போட்டுக்கிட்டே நடக்கணும். வீடு போய்ச் சேரும்போது முழு ரொட்டியோட போறவன் அந்த ஊர்க்காரனே இல்ல.

பாரீசுல வருசா வருசம் யார் பகேத் நல்ல பகேத்துன்னு போட்டி வெப்பானுங்க. ஜெயிச்சவன் ஒரு வருசம் அந்த நாட்டு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி போடணும். 2023-ல ஜெயிச்சது யாரு தெரியுமா? இலங்கையிலேருந்து போன நம்ம தமிழ்ப் பய, தர்ஷன் செல்வராஜா. இருபதாம் வட்டாரத்துல கடை. பிரெஞ்சுக்காரனுக்குப் பிரெஞ்சு ரொட்டி எப்படிச் சுடணும்னு யாழ்ப்பாணத்துப் பாஷை பேசுறவன் காட்டிட்டு வந்துட்டான். நீ அந்த ஊருக்கே போயிப் புளியோதரப் பொட்டலத்தப் பிரிக்கப் போறே. நல்லா இருக்குடா நியாயம்.

கடைக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு மந்திரம் இருக்கு: 'போன்ஜூர்'. அதச் சொல்லாம "ஒன் பகேத்"துன்னு விரல நீட்டுனா, கடைக்கார அம்மா உன்ன மனுசனாவே மதிக்காது. பிரெஞ்சுக்காரன் திமிர் புடிச்சவன்னு இங்க வந்து கத சொல்றவனுங்கள்ல பாதிப்பேரு போன்ஜூர் சொல்லாம நொழஞ்சவனுங்கதான். மாமனுக்கே வணக்கம் வெக்காதவன் நீ, அதனால அழுத்திச் சொல்றேன்.

சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். மதியம் பன்னெண்டுலேருந்து ரெண்டு. ராத்திரி ஏழு, ஏழரைக்கு மேல. நடுவுல நாலு மணிக்குப் போயி "பசிக்குது"ன்னா, பெரும்பாலான கடையில அடுப்பே எரியாது. எந்நேரமும் எரியுற கடைன்னா அது உன்ன மாதிரி டூரிஸ்ட்டுக்காகவே தொறந்து வெச்சது. எட்டுப் பாஷையில மெனு, பளபளன்னு படம், வாசல்ல நின்னு கைய புடிச்சு இழுக்க ஒரு ஆளு — இந்த மூணும் இருந்தா அந்தப் பக்கமே தலவெச்சுப் படுக்காத. கரும்பலகையில சாக்பீசால கிறுக்கி வெச்சிருப்பான், 'பிளா து ஜூர்'னு. அன்னைக்கு அவன் சந்தையில வாங்குனதுல சமச்சது. அதக் கேளு. தண்ணி வேணும்னா 'கராஃப் தோ'ன்னு சொல்லு, கொழாத்தண்ணிய ஜாடியில கொண்டாந்து வெப்பான், காசு கெடையாது. ரொட்டியும் சும்மாதான். சேவைக்கூலி விலையிலயே சேத்தி. நீ பெரிய மனுசன்னு காட்டிக்க எக்கச்சக்கமா டிப்ஸ் வெச்சுட்டு வராத, அத ஊருக்கு வந்து மாமன்கிட்ட வை.

பாரீசுல கை கடிக்காமச் சாப்பிட 'புய்யோன்'னு ஒரு வகைக் கடை உண்டு. 1855-ல துவால்னு ஒரு கசாப்புக்காரன், சந்தையில மூட்ட தூக்குறவங்களுக்கு மலிவா எறைச்சிச்சாறு ஊத்தி ஆரம்பிச்ச ஏற்பாடு. இன்னிக்கும் ஷார்த்தியேன்னு ஒண்ணு 1896-லேருந்து ஓடுது. மேச மேல விரிச்ச காயிதத்துலயே சர்வர் கணக்க எழுதிக் கூட்டுவான். கூட்டம் அலமோதும், தெரியாத ஆளோட ஒரே மேசையில ஒக்கார வெப்பான். கல்யாணப் பந்தியில எடம் புடிச்சுப் பழகுனவன் நீ, சமாளிச்சுக்குவே.

அந்தச் சந்தைன்னதும் வெங்காய சூப் ஞாபகம் வருது. பாரீசு நடுவுல லே ஆல்னு மாபெரும் சந்தை. 1969-ல ரன்ஜிஸுக்கு மாத்துற வரைக்கும் ராவு முழுக்க அங்க மூட்ட எறங்கும். விடியக்காலைக் குளிருல கூலிக்காரன் குடிச்சதுதான் அந்த சூப். வெங்காயத்த வெண்ணெயில போட்டு, அவசரப்படாம, பழுப்பாகிற வரைக்கும் வதக்கணும். எலும்புச் சாறு ஊத்தி, காஞ்ச ரொட்டிய மேல மெதக்கவிட்டு, சீஸத் துருவிப் போட்டு அடுப்புல காட்டணும். வேல செய்யிறவனும் குடிப்பான். கூத்துப் பாத்துட்டுப் பட்டுச் சட்டையோட வீட்டுக்குத் திரும்புறவனும் அதே கடையில அதையே குடிப்பான். வாய் வெந்துரும், ஊதிக் குடி. உன் பொஞ்சாதி சைவமாச்சே, "வெங்காயந்தானே"ன்னு அவளுக்கும் ஒரு கிண்ணம் சொல்லிப்புடாத. அடியில எலும்புச் சாறு. கிஷ்னு ஒரு பணியாரத்த நீட்டுவான், அதுல பன்னித்துண்டு கெடக்கும். சாலட்டுன்னு எலைய நீட்டுவான், அதுலயும் கெடக்கும். கேட்டா "கொஞ்சூண்டுதானே"ம்பான்.

அவளுக்கு என்ன பண்றதுன்னு கேக்குறியா? கேக்கலயா? கேக்கமாட்டே, நானே சொல்றேன். நீஸ் பட்டணத்துப் பக்கம் போனா சோக்கா. கொண்டக்கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு செப்புத்தட்டுல ஊத்தி, வெறகடுப்புல சுட்டு, சொரண்டி எடுத்து, மொளகுத்தூள் தூவிக் காயிதத்துல குடுப்பான். கையாலயே தின்னலாம். துலோன்லயும் அது உண்டு, பேரு வேற. பட்டாளத்துல சம்பளம் தீந்துபோன கடைசி வாரத்துல எங்க வயித்தக் காப்பாத்துன சாமி அது. அப்புறம் ரத்தத்தூய், கத்திரிக்கா, சுரைக்குச் சொந்தமான கூர்ழெத், குடமொளகா, தக்காளி எல்லாத்தயும் ஆலிவ் எண்ணெயில மெதுவா வேகவெச்சது. நல்லது. ஆனா அவசரக்காரன் எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டுக் கொழச்சு வெப்பான். தனித்தனியா வதக்கிச் சேத்தாத்தான் ருசி. லியோன் பட்டணத்துல 'பட்டு நெசவாளி மூளை'ன்னு ஒண்ணு இருக்கு. பேரக் கேட்டு ஓடாத. மூளையும் இல்ல ஒண்ணும் இல்ல, கட்டித்தயிராட்டம் வெள்ளச் சீஸுல சின்ன வெங்காயமும் பூண்டும் தழையும் அடிச்சுக் கலக்குனது. அந்தக் காலத்துல அந்த ஊரு நெசவாளிக்குக் கறிக்கு வழியில்ல, இதத் தொட்டு ரொட்டியத் தின்னான். மொதலாளிமாரு அவன் தலையிலயும் இவ்வளவுதான் இருக்கும்னு நெனச்சு அந்தப் பேரை வெச்சாங்களாம். அந்தக் கொழுப்பு எல்லா ஊரு மொதலாளிக்கும் உண்டு.

லியோனுக்குப் போனா 'புஷோன்'னு சின்னச் சின்னச் சாப்பாட்டுக்கடை. ஒரு காலத்துல பணக்கார வீட்டுல சமையலுக்கு இருந்த பொம்பளைங்க, வெளிய வந்து சொந்தமாக் கடை போட்டு அந்த ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்தாங்க. அதுல யூஜெனி பிரசியேன்னு ஒரு அம்மா, குடியானவ வீட்டுப் பொண்ணு. 1933-ல தன்னோட ரெண்டு கடைக்கும் சேத்து ஆறு மிஷலின் நட்சத்திரம் வாங்குச்சு. ஒலகமே கும்புட்ட பெரிய சமையக்காரன் பால் பொக்யூஸ், அந்தம்மாகிட்ட எடுபிடியா வேல பாத்தவன்தான். நீயும் உன் பொஞ்சாதிகிட்ட அப்படி ஒரு வருசம் எடுபிடியா இருந்து பாரு, நட்சத்திரம் வராட்டியும் வீட்டுல சத்தம் கொறையும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நத்தை. முகத்தச் சுளிக்காத! நம்ம டெல்டாவுல மழ பேஞ்ச மறுநாள் வயல்ல நத்தை பொறுக்கி, அலசி, உரச்சு, மொளகு போட்டு வதக்கித் தின்னவங்க எத்தனை பேரு. மூலத்துக்கு நல்லதும்பாங்க. அந்த வாசன பக்கத்துத் தெருவுக்கு வந்தா நீயும் உன் சினேகிதனுங்களும் ஜன்னல அடச்சீங்க. அதையே பர்கண்டிக்காரன் ஓட்டுல அடச்சு, வெண்ணெயும் பூண்டும் பார்ஸ்லித் தழையும் திணிச்சு, சூடா ஆறு ஆறாத் தட்டுல வெக்கிறான். நீ மெழுகுவத்தி வெளிச்சத்துல, கிடுக்கி ஒரு கையில, சின்ன முள்ளு ஒரு கையிலன்னு திங்கப் போறே. கிடுக்கிய அழுத்திப் புடி. இல்லன்னா நத்தை எகிறி எதிர் மேசை அம்மா மடியில விழும், அதுக்கும் 'பார்தோன்' சொல்லணும். உண்மையச் சொல்லணும்னா ருசி முக்காலும் அந்தப் பூண்டு வெண்ணெயில இருக்கு. தட்டுல மிஞ்சுன வெண்ணெய ரொட்டியால தொடச்சு எடுக்காம எந்திரிச்சேன்னா மாமன் பேரக் கெடுத்துட்டேன்னு அர்த்தம். இன்னொண்ணு, பர்கண்டி நத்தையின்னு பேரே ஒழிய, தட்டுக்கு வர்றதுல பெரும்பாலானது கிழக்கு ஐரோப்பாவுலேருந்து வர்றது. அவன் ஊரு நத்தைய ஏப்ரல்லேருந்து ஜூன் கடைசி வரைக்கும் பொறுக்கக்கூடாதுன்னு தடை.

தவளைக்கால் கத இன்னும் வேடிக்கை. தின்னுத் தின்னுத் தீத்து, 1980 வாக்குல அவன் நாட்டுத் தவளைய யாவாரத்துக்குப் புடிக்கக்கூடாதுன்னு தடை போட்டான். வாய் கேக்குமா? எங்கேருந்து வாங்குனான்? இங்கேருந்துதான்! ராத்திரியில பெட்ரோமாக்ஸ் வெளக்கோட வயக்காட்டுல தவளை புடிக்க ஆளு திரிஞ்ச காலம் ஒண்ணு இருந்துச்சு, உனக்குத் தெரியாது. தொடைய மட்டும் வெட்டி ஐஸ்ல வெச்சுக் கப்பல்ல ஏத்துனாங்க. தவளை போனதும் வயல்ல பூச்சி ஏறுச்சு, பூச்சிக்கு மருந்து வாங்க வேண்டியதாச்சு. 1987-ல நம்ம கவர்மெண்டு ஏற்றுமதியையே நிறுத்துச்சு. இப்ப இந்தோனேசியா தவளைதான் அங்க அதிகம். அதனால ருசி பாக்கணும்னா பாரு, கோழிக்கறிக்கும் மீனுக்கும் நடுவுல இருக்கும். நான் ஒண்ணும் சிபாரிசு பண்ணல. தவளைய விட்டுப்புட்டு, பூச்சிமருந்துக் கடைக்காரனுக்குக் கப்பம் கட்டுன வயிறு இது.

கொடலுக்கு வருவோம். அந்துய்யெத். பேரு தேனா இருக்குல்ல? பன்னிக்கொடல நறுக்கிக் கொடலுக்குள்ளயே அடச்ச தொத்திறைச்சி. த்ருவா பட்டணத்துல பேரு போனது. தட்டு வர்றதுக்கு முன்னாடியே வாசன வந்து நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்துக்கும். இதுக்குன்னு ரசிகர் மன்றம் வேற இருக்கு. நல்ல அந்துய்யெத்துக்கு வரிசையா அஞ்சு 'ஆ' எழுத்துப் போட்டுப் பட்டம் குடுக்குறாங்க. தெரியாத ஆளு மெனுவுல அத நல்ல பேருன்னு நம்பிக் கேட்டுட்டு, முழிக்கிற முழி இருக்கே, அதப் பாக்கவே நாங்க அந்தக் கடைக்குப் போவோம். நீ கேளு. ஊர்ல கொடல்கறிய ஒதுக்குன பாவத்துக்குப் பரிகாரமா முழுசையும் தின்னு, கடுகுச் சாந்து நெறைய வெச்சுக்க. கன்னுக்குட்டித் தலைக்கறியும் உண்டு, பதமா வேகவெச்சு, புளிப்பா முட்டச் சாந்து ஊத்தி. ஜனாதிபதியா இருந்த ஷிராக்குக்கு உசுரு அது. ஜனவரி இருபத்தொண்ணாம் தேதி அதச் சாப்பிடுறதுக்குன்னே சில குழு கூடும். 1793-ல அதே தேதியிலதான் பதினாறாம் லூயி ராசா தலைய வெட்டுனாங்க. நம்ம ஊர்ல திதிக்கு வடை பாயாசம். அங்க ராசாவுக்குத் தலைக்கறியாலேயே திதி. மாடு தின்னாத வீட்டுப்புள்ள நீ, இது தட்டுல வந்தா மரியாதையாத் தள்ளி வெச்சுரு. "பெஃப்"னா மாடு, "வோ"ன்னா கன்னு, "போர்"னா பன்னி. இந்த மூணையும் உள்ளங்கையில எழுதிக்க. பச்ச மாட்டுக்கறிய அரச்சு, பச்ச முட்டமஞ்சள மேல வெச்சு, 'தார்தார்'னு ஒண்ணு வரும். வேக வெச்சுத் தான்னு திருப்பி அனுப்புனேன்னா, சமையக்காரன் கத்தியோட வெளிய வருவான்.

தெக்கால துலூஸ் பக்கம் காசுலே. மாப்ளே, இதுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையா நிமுந்து உக்காரு. வெள்ள மொச்சையாட்டம் ஒரு பீன்ஸு, வாத்துக்கால அதோட கொழுப்புலயே பக்குவப்படுத்தி வெச்சது, பன்னிக்கறித் தொத்திறைச்சி, தோலு. இது எல்லாம் ஒரு மண்சட்டியில மணிக்கணக்கா அடுப்புல கெடக்கும். மேல ஆடை கட்டும், அத ஒடச்சு உள்ள அமுக்குவாங்க, திரும்பக் கட்டும், திரும்ப ஒடைப்பாங்க. ஏழு தரம் ஒடைக்கணும்னு சாத்திரம். கஸ்தெல்நோதாரி, கர்கசோன், துலூஸுன்னு மூணு ஊரு, என்னுதுதான் அசல்னு மூணுக்கும் சண்ட. ஒருத்தன் பன்னிக்கறி தூக்கலாப் போடுவான், ஒருத்தன் காட்டுக் கவுதாரி சேப்பான், ஒருத்தன் அவன் ஊருத் தொத்திறைச்சிய வெட்டிப் போடுவான். கஸ்தெல்நோதாரியில 1970-லேருந்து இதுக்குன்னு ஒரு சபையே இருக்கு, மண்சட்டி வடிவத்துல தொப்பி போட்டுக்கிட்டு அங்கி மாட்டிக்கிட்டு ஊர்வலம் போவாங்க. நம்ம ஊர்ல கோயில் முதல் மரியாதைக்கு அடிச்சுக்குறோம், அவன் பீன்ஸுக்கு அடிச்சுக்குறான். எது ஒசத்தின்னு நான் சொல்லமாட்டேன், மூணு ஊருலயும் எனக்குச் சினேகிதன் இருக்கான். மதியத்துல மட்டும் சாப்பிடு. சாப்பிட்டுட்டுக் கோட்டை பாக்கணும், மியூசியம் பாக்கணும்னு உன் பொஞ்சாதி சொன்னா, அவள மட்டும் அனுப்பி வெச்சுட்டு நிழல்ல படு.

மர்செய்ல புய்யாபேஸ். மீன்பிடிக்காரன் வலையில சிக்குன முள்ளு மீனு, பாறையில திரியிற அசிங்கமான மீனு, சந்தையில யாரும் வாங்கமாட்டேன்னு ஒதுக்குனது. அதக் கடலோரமாவே கொதிக்கவெச்சுத் தின்னது அது. இன்னிக்கு அதே சட்டிக்கு அம்பது அறுபது யூரோ சர்வ சாதாரணமா வாங்குறான். கண்டவனும் தண்ணியில குங்குமப்பூவக் கலக்கி ஊத்த ஆரம்பிச்சதும், 1980-ல அந்த ஊரு ஓட்டல்காரங்க சிலபேரு ஒரு சாசனமே எழுதிக்கிட்டாங்க: பட்டியல்ல இருக்குற மீனுல கொறஞ்சது நாலு வகையாவது இருக்கணும், சாறு தனியா மீனு தனியா வரணும், முழு மீனக் காட்டி உன் கண்ணு முன்னாடியே வெட்டணும். நல்ல கடையில முன்கூட்டியே சொல்லி வெக்கணும். போன நிமிசமே தட்டுல வந்துச்சுன்னா சந்தேகப்படு. பூண்டும் மொளகாயும் அரச்ச ஒரு செவப்புச் சாந்து கூட வரும், ரொட்டியில தடவிச் சாறுல முக்கு. பாண்டிச்சேரி வீடுகள்ல இதையே மஞ்சள் போட்டு நம்ம கைக்கு மாத்தி வெச்சிருக்காங்க, அது உன் அத்தைக்குத் தெரியும். நம்ம தாளிப்பு வடகம் கூட அங்க போயி 'வதுவான்'னு கண்ணாடி ஜாடிக்குள்ள ஒக்காந்து, பெரிய பெரிய சமையக்காரனுங்க மீனு மேல தூவுற பண்டமாயிருச்சு. உங்க ஆத்தா கூரை மேல காயப்போட்டுக் காக்கா விரட்டுன சரக்கு. ஜாடியில என்ன வெல போட்டிருக்கான்னு பாத்துட்டு வந்து அவகிட்ட சொல்லு. காக்காய்க்குப் போன கணக்க நெனச்சு வயிறெரிவா.

சீஸுக்கு வராம உன்ன விடமாட்டேன். ஆல்ப்ஸ் மலப்பக்கம் ரெப்லோஷோன்னு ஒண்ணு. அது பொறந்த கதயக் கேளு, உங்க தாத்தா சிரிச்சிருப்பாரு. அந்தக் காலத்துல மேய்ச்சல் நெலத்துக்காரன், பசு எவ்வளவு கறக்குதோ அதுக்குத் தக்கன குத்தகை கேப்பான். அளக்க அவன் ஆளு வரும்போது குடியானவன் பாதி மட்டும் கறந்து காட்டுவான். ஆளு தலை மறஞ்சதும் மறுபடி மடியில கைய வெப்பான். ரெண்டாந்தரம் கறக்குற பாலு ஆடை தடிச்சு இருக்கும். அதுல உருவானதுதான் இந்தச் சீஸு. மிராசுதார ஏமாத்துன ருசி இன்னும் அதுல இருக்கு. இதையே உருளக்கெழங்கு, வெங்காயம், பன்னித்துண்டு மேல உருக்கி 'தார்திஃப்லெத்'னு குடுத்து, மலநாட்டுத் தொன்மையான பண்டம்பான். தலைய ஆட்டு, நம்பாத. அந்தச் சீஸு யாவாரிச் சங்கத்துக்காரங்க 1980-கள்ல சரக்கு ஓட்டுறதுக்காகப் பரப்பிவிட்டது. அந்த மலப்பக்கத்துப் பழைய உருளக்கெழங்கு வறுவலு ஒண்ணுக்குப் புதுச்சட்ட போட்டுவிட்டானுங்க. குளிருல தின்னா பழசா புதுசான்னு நாக்கு கேக்காது.

ரோக்ஃபோர் பூசணம் புடிச்சது. பூத்த சீஸத் தூக்கிப் போட்டுறப் போறே, பச்ச நரம்பு ஓடுனாத்தான் அது அது. செம்மறியாட்டுப் பாலுல செஞ்சு, கொம்பலூ மலக் குகையில பழுக்கவெச்சது. 1925-லயே அந்தப் பேருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிட்டான். எப்வாஸ்னு ஒண்ணு செவப்பாக் கொழகொழன்னு இருக்கும். அதப் பெட்டியில போட்டு ஏரோப்ளேன்ல ஏறுனா முன்வரிசையிலேருந்து கடைசி வரிசை வரைக்கும் உனக்குச் சொந்தக்காரன் எவனும் இருக்கமாட்டான். சீஸு சாப்பாட்டுக்கு அப்புறம், இனிப்புக்கு முன்னாடி வரும். முக்கோணத் துண்டுல கூர்மூக்க மட்டும் வெட்டி எடுத்துறாத. நடுவுலதான் ருசி, அத நீயே தின்னுட்டு அடுத்தவனுக்குத் தோல வெக்கிற வேலன்னு அவன் பாப்பான். சொத்துப் பாகப்பிரிவினையில உன் பெரியப்பன் பண்ணுன வேலதான், வேற ஒண்ணுமில்ல.

இனிப்ப ரெண்டு வார்த்தையில முடிக்கிறேன், எனக்குச் சக்கர இருக்கு, பேசுனாலே ஏறும். போர்தோவுல கன்லே. ஒயினத் தெளிய வெக்க முட்ட வெள்ளக்கருவ ஊத்திட்டு மஞ்சக்கருவ என்ன பண்றதுன்னு முழிச்சப்ப வந்ததுன்னு சொல்லுவாங்க. மேல கருகருன்னு முறுகி உள்ள மெதுவா இருக்கும். கருகிப்போச்சுன்னு திருப்பிக் குடுத்துறாத. பிரித்தானியில கறுப்புத் தானியத்து மாவுல மெல்லிசா சுடுற கலெத், கோதும வெளயாத ஏழ மண்ணோட சாப்பாடு, ஆப்பிள் கள்ளக் கிண்ணத்துல ஊத்தித் தருவான். ஆமா, கிண்ணத்துலதான். கள்ளுக்கட மரியாதை அங்கேயும் இருக்கு. குவாசானப் பிரெஞ்சுக்காரன் சொத்துன்னு நெனச்சுக்காத, வியன்னாவுலேருந்து போன ஒரு ஆளு 1830-கள்ல பாரீசுல கடை போட்டுப் பரப்பிவிட்ட வழியில வந்தது. ஆனா வெண்ணெய அள்ளிக் கொட்டித் தன்னதாக்கிட்டான். யுனெஸ்கோவும் 2010-ல அவன் விருந்து சாப்பிடுற மொறைக்கே பட்டம் குடுத்துருச்சு. ஒரு பண்டத்துக்கு இல்ல, ஒக்காந்து, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா, நாலு பேரோட பேசிக்கிட்டே திங்கிறதுக்கு. நீதான் போன நோண்டிக்கிட்டே அஞ்சு நிமிசத்துல எந்திரிக்கிறவனாச்சே. அங்க பில்லே நீயா கேக்காம வராது. ரெண்டு மணி நேரம் ஆனாலும் ஒருத்தனும் வெரட்டமாட்டான்.

ஒரு நாளு ரொம்ப முடியலன்னா ஒண்ணும் வெக்கப்படாத. கார் து நோர் ரயிலடிக்குப் பின்னால லா ஷப்பேல் பக்கம் போ. ஈழத்துப் புள்ளைங்க கடை வரிசையா இருக்கு, தோச, கொத்துரொட்டி, வாழப்பூ வரைக்கும் கெடைக்கும். ஆனா மொத நாளே அங்க போயி ஒக்காந்தேன்னு காதுக்கு வந்துச்சு, காரைக்கால் எல்லைக்குள்ள நுழைய விடமாட்டேன்.

சரி, திரும்பி வரும்போது மாமனுக்கு என்ன வாங்கிட்டு வரணும்னு நீ கேக்கல, கேப்பேன்னும் நம்பல. அந்தச் சாவிவளையம், குட்டிக் கோபுரம் எல்லாம் வேணாம். தென்மேக்க அழானு ஒரு ஊரு, காய வெச்ச ப்ளம்ஸுக்குப் பேரு போனது. அந்தப் பழத்த அர்மன்யாக் சாராயத்துல மாசக்கணக்கா ஊறவெச்சு சீசாவுல அடச்சு விப்பான். அதுல ஒரு சீசா போதும், சட்டைக்கு நடுவுல சுத்திப் பெட்டியில வை. உங்க அத்த வந்து என்னன்னு கேட்டா பேரீச்சம்பழம்னு சொல்லு. மோந்து பாத்துட்டு அவ திரும்பக் கேட்டா, மலச்சிக்கலுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாருன்னு நான் சொல்லிக்கிறேன்.